எனக்குத் தெரிந்த ஒரே ஆங்கிலச் சொல்

என் தம்பிக்கு நாற்பத்தெட்டு வயது. செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். கடை என்றால் ஒரு மேசை, ஒரு விளக்கு, ஒரு பூதக்கண்ணாடி. எதையும் பிரித்துப் பார்க்காமல் அவனால் இருக்க முடியாது. கடவுள் அவன் ரத்தத்தில் உறையும் சக்தியைக் குறைத்துவிட்டு, அந்த இடத்தில் கேள்விகளை நிரப்பி அனுப்பிவிட்டார் என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த நோய்க்கு ஹீமோபிலியா என்று பெயர். லேசாக இடித்துக்கொண்டாலே முழங்காலுக்குள் ரத்தம் கசிந்து பந்து போல வீங்கும். அதற்கு ஒரு வெள்ளைப் பொடியைக் கரைத்து நரம்பில் ஏற்றுவார்கள். ஆறு வயதிலேயே நர்ஸிடம் கேட்டான்.

"சிஸ்டர், இது யாரோட ரத்தத்துல செஞ்சது?"

"ஆயிரக்கணக்கான பேரோடதுடா, ராஜா."

"எல்லாரும் நல்லா இருக்காங்களா?"

நர்ஸ் சிரித்தார். அந்தக் காலத்தில் சோதித்துப் பார்க்க வழியில்லை. அந்தப் பொடி வழியாகத்தான் எச்.ஐ.வி.யும், ஈரலைக் கெடுக்கும் ஹெபடைடிஸ் சி-யும் அவனுக்குள் வந்தன. இரண்டு முறையும் ரிசல்ட் தாளில் ஒரே சொல் இருந்தது. நான் ஐந்தாவது வரைதான் படித்தவள். ஆனாலும் 'பாசிட்டிவ்' என்ற அந்தச் சொல்லின் உருவம் மனதில் தங்கிவிட்டது. கொடி கட்டிய கம்பம் போல ஓர் எழுத்தில் தொடங்கும்.

எச்.ஐ.வி. தினசரி மாத்திரைக்கு அடங்கியிருக்கிறது. ஈரல் வைரசுக்கு இந்த வருடம் மூன்று மாதம் புது மாத்திரை சாப்பிட்டான். இன்னும் மூன்று மாதம் காத்திருந்து சோதனைக்கு ரத்தம் கொடுத்தான். "அது போயிருந்தா முழங்காலை மாத்திடலாம்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். ரத்தம் கசிந்து கசிந்து மூட்டு தேய்ந்துபோய், இருபது வருடமாக அவன் காலை நீட்டியதில்லை.

ரிசல்ட் வாங்க நான்தான் போனேன். ஆஸ்பத்திரிப் படியிலேயே உறையிலிருந்து தாளை உருவினேன். கொடிக்கம்பம்! உறையோடு மடித்துப் பிரார்த்தனைப் புத்தகத்துக்குள் செருகிவிட்டேன். கடைக்குள் நுழைந்ததுமே தம்பி கேட்டான்.

"வந்துச்சாக்கா?"

"இல்லடா. மெஷின் ரிப்பேராம்."

அவனிடம் போய் ரிப்பேர் என்று சொன்னேனே!

"என்ன ஆச்சாம்?"

"புகை வந்துச்சாம்."

"எந்தப் பக்கத்துலேருந்து?"

"எனக்கென்ன தெரியும்?"

"இரு, போன் பண்ணிக் கேக்கறேன்."

அழுதுகொண்டே புத்தகத்தை நீட்டினேன். தாளைப் பார்த்ததும் சிரித்தான்.

"அக்கா, இது வைரஸ் இல்ல. அதை எதிர்த்து உடம்பு அன்னிக்கு செஞ்சு வெச்சது. வைரஸ் போனாலும் இது இருக்கும். ஒருத்தன் நம்பரை அழிச்சாலும் அவன் கூப்பிட்டது போன்ல பதிவா நிக்குதில்ல, அது மாதிரி. இன்னொரு தாள் இருக்கணுமே?"

உறைக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருந்தது. விளக்கடியில் பூதக்கண்ணாடியை வைத்து நிதானமாகப் படித்தான்.

"இதுல கொடிக்கம்பம் இல்லையாடா?"

"இல்லக்கா. தேடிப் பாத்தாங்களாம். வைரஸ் கிடைக்கலையாம்."

"நல்லாத் தேடினாங்களா?"

நிமிர்ந்து என்னைப் பார்த்தான். "பரவாயில்லையே, நீயும் கேள்வி கேக்க ஆரம்பிச்சுட்ட!"

மறுவாரம் டாக்டர் ஆபரேஷனுக்குத் தேதி எழுதிக் கொடுத்தார். வேறு ஏதாவது கேட்க வேண்டுமா என்றார். நான் வேண்டாம் என்று ஜாடை காட்டுவதற்குள் இவன் முந்திக்கொண்டான்.

"கழட்டுற பழைய எலும்பை என்கிட்ட குடுப்பீங்களா டாக்டர்? உள்ள எப்படித் தேஞ்சிருக்குன்னு பாக்கணும்."