அப்பாமாரைக் கூப்பிட்டவர்

பாரிசின் லா சப்பல் பகுதியில் எங்கள் கட்டிடத்துக்குக் கடிதம் கொண்டுவந்தவர் ஒரு பாண்டிச்சேரித் தமிழர். ஒல்லியான மனிதர், நரைத்த மீசை. முற்றத்தில் நின்று எங்கள் அப்பாமாரின் பெயர்களைச் சத்தமாகக் கூப்பிடுவார். இங்கத்தைய பத்திரங்களில் அப்பாவின் பெயர்தானே எங்களுக்குக் குடும்பப் பெயர்.

என் அகதி விண்ணப்பத்தின் முடிவு பதிவுத் தபாலில் வர இருந்தது. மனைவி பிள்ளைகளை இங்கே கூப்பிடுவதும் அதில்தான் தங்கியிருந்தது. அவருடைய சுற்றில் எங்கள் தெரு கடைசி. மத்தியானம் தாண்டித்தான் வருவார். கையெழுத்து வைக்க ஆளில்லாமல் கடிதம் திரும்பிவிடுமோ என்ற பயத்தில் ஒரு மாதமாக அறையிலேயே அடைந்து கிடந்தேன். கோயிலில் மத்தியானப் பூசையும் விட்டுப் போனது.

ஒருநாள் எட்டு மணிக்கே அவர் குரல் கேட்டது. இறங்கி ஓடினேன்.

"என்ன அண்ணை, இவ்வளவு வெள்ளன?"

"சுற்றைத் தலைகீழா மாத்திட்டேன். இனிமே உங்க தெருதான் முதல்ல. தினமும் ஜன்னல்ல உன் மூஞ்சியப் பாத்துத் தாங்க முடியல தம்பி. இன்னைக்கு உனக்கு ஒண்ணும் இல்ல, வெளிய போ."

நேரே கோயிலுக்குப் போனேன். அர்ச்சனை யாருடைய பெயருக்கு என்று ஐயர் கேட்டார். எங்கள் அப்பாமாரையெல்லாம் கூப்பிடுகிறவரின் பெயர் எனக்குத் தெரியவில்லை.

"தபால்காரர் எண்டு சொல்லுங்கோ ஐயா."

"நட்சத்திரம்?"

"அதுவும் தெரியாது. எட்டு மணிக்கு வருவார்."

ஐயர் சிரிக்காமல் அப்படியே பிள்ளையாருக்குச் சொன்னார்.