மகனைக் கூட்டிக்கொண்டு போன படம்

அந்தப் படத்தைப் பற்றி யாரிடம் கேட்டாலும் தெரியாது என்கிறார்கள். சென்னையிலேயே ஒரு வாரம்கூட ஓடவில்லை. வடசென்னையில் அடிதடிக்குப் பேர்போன ஒரு தெரு, அங்கே வளரும் ஒரு பையன், ரவுடிகளுக்கு எடுபிடியாகப் போவதா பள்ளிக்கூடம் போவதா என்று அவன் படும் அவஸ்தை. தெரிந்த முகம் ஒன்றுகூடக் கிடையாது. ஒரே ஒரு வாரப்பத்திரிகையில், பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்க வேண்டிய படம் என்று எழுதியிருந்தார்கள். நான் அதை நம்பினேன்.

தொண்ணூறுகளின் கடைசி அது. ஊரை ஒட்டிய வேங்கிக்காலில் வீடு கட்டிக் குடிவந்திருந்தோம். எனக்கு அங்கேயே அரசாங்க ஆபீசில் வேலை. மகன் பிளஸ் ஒன். கொஞ்ச நாளாகவே வீட்டுக்குத் தாமதமாக வந்தான். கேட்டால் டியூஷன். சட்டையில் சிகரெட் நாற்றம். கேட்டால், பஸ்ஸில் பக்கத்தில் நின்ற ஆள். எதைக் கேட்டாலும் ஒரே வார்த்தையில் பதில். இவன் எந்தக் கும்பலோடு சுற்றுகிறானோ என்று பயந்துகொண்டே இருந்தேன். படம் பார்த்துவிட்டு வரும் வழியில், அந்தப் பையனை வைத்து இவனிடம் பேச்சை ஆரம்பிக்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

ரிலீஸாகி ஒரு வருஷம் கழித்துப் படம் எங்கள் ஊரில் ஒரு பழைய தியேட்டருக்கு வந்தது. மகனிடம் சொன்னேன்.

"அந்தத் தியேட்டர் வேணாம்மா."

"ஏன்டா?"

"மூட்டப்பூச்சி ஜாஸ்தி."

அம்மாவோடு போக வெட்கப்படுகிறான் என்று நினைத்து, வற்புறுத்திக் கூட்டிக்கொண்டு போனேன்.

ஞாயிற்றுக்கிழமை மேட்னி. பெண்கள் வரிசையில் நான் மட்டும்தான். கவுண்டரில் இருந்தவர் என்னைப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பினார். "யோவ், ஃபேமிலி வந்துகீதுய்யா." உள்ளே யாரோ சிரித்தார்கள். "கதைக்கு வந்திருப்பாங்க, குடு."

அரங்கம் நிறைந்திருந்தது. எல்லாம் ஆண்கள். நல்ல படத்துக்கும் இந்த ஊரில் கூட்டம் வருகிறதே என்று எனக்குச் சந்தோஷம்கூட வந்தது. இப்போது நினைத்தால் குமட்டுகிறது. மூத்திர வாடையும் பீடிப் புகையும் பான்பராக் எச்சிலும் கலந்த அந்த இருட்டில், பின்வரிசையில் ஓரமாக உட்கார்ந்தோம்.

படம் நன்றாகத்தான் இருந்தது. அந்தப் பையனின் அம்மா மீன் விற்கிறவள். போலீஸ் ஸ்டேஷன் வாசலில் கூடையோடு அவள் காத்துக் கிடக்கிற காட்சியில் நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். முன்னாலிருந்து ஒருவன் கத்தினான்.

"கதையெல்லாம் போதும்டா, போடுடா."

"ஆபரேட்டரு தூங்கிட்டான்போல."

"அவன் பொண்டாட்டி நெனப்புல கீறான்."

அரங்கமே சிரித்தது. எதைப் போடச் சொல்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. மகனைத் திரும்பிப் பார்த்தேன். அவன் தலையைக் குனிந்திருந்தான்.

திரையில் அம்மாக்காரி பையனை வாசலில் மறித்து, எங்கேடா போயிருந்தாய் என்று கேட்கிறாள். அவன் வாயைத் திறப்பதற்குள் படத்தின் நிறமே மாறியது. வேறு ஏதோ படத்தின் துண்டு. கோடு கோடாக, பேச்சில்லாமல், இரைச்சல் மட்டும். அதில் என்ன இருந்தது என்று நான் எழுதப்போவதில்லை. அதுவரை கூச்சல் போட்ட அத்தனை பேரும் மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்திருந்தார்கள். அந்த அமைதிதான் எல்லாவற்றையும்விட அருவருப்பாக இருந்தது. என் அப்பா வயதுக்காரர்கள்கூட அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள்.

நான் எழுந்தேன். மகன் என் புடவையைப் பிடித்து இழுத்தான்.

"எழுந்துக்காதம்மா. எழுந்தா எல்லாம் திரும்பிப் பாப்பானுங்க. அஞ்சு நிமிஷந்தான், முடிஞ்சிடும்."

உட்கார்ந்தேன். கண்ணை மூடிக்கொண்டேன். அவன் சொன்னபடி அது முடிந்தது. உடனே நாற்காலிகள் தடதடவென்று மடங்கின. அத்தனை பேரும் எழுந்து வெளியே போனார்கள். போகிறபோது ஒருவன் என்னைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவனை முழங்கையால் இடித்தான். திரையில் அந்தப் பையன் மறுபடியும் வந்திருந்தான். அவன் தன் அம்மாவுக்கு என்ன பதில் சொன்னான் என்பது எங்களுக்குக் கிடைக்கவேயில்லை. அந்த இடத்தைத்தான் வெட்டி எடுத்திருந்தார்கள்.

காலியான அரங்கில் கடைசிவரை இருந்தோம். அவன் திரையைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன்.

"படத்தப் பாரும்மா," என்றான், திரும்பாமலே.

வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போதுதான் எனக்கு வாய் வந்தது. "அஞ்சு நிமிஷம்னு உனக்கு எப்படிடா தெரியும்?"

"எல்லாருக்கும் தெரியும்மா. உனக்குத்தான் தெரியல."

"நீ இங்க வந்திருக்கியா?"

செங்கம் ரோட்டு ஆசிரமத்துக்குப் போகிற ஒரு வெள்ளைக்காரப் பெண்ணை ஆட்டோக்காரர்கள் சூழ்ந்துகொண்டிருந்தார்கள். அவன் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். பஸ் வந்தது. ஏறிவிட்டோம். நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்த பேச்சில் ஒரு சொல்லைக்கூட எடுக்க முடியவில்லை.

வீட்டில் என் கணவர் பேப்பரை மடித்துவிட்டு, "எப்படிடா இருந்துச்சு?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மகன் முந்திக்கொண்டான்.

"நல்ல படம்ப்பா. கூட்டம் கம்மி. கடைசியில அந்தப் பையன் திருந்தி, ஒர்க்‌ஷாப்ல வேலைக்குச் சேந்துடுறான். அம்மாவுக்கு ரொம்பப் புடிச்சுது."

செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னான். குரலில் ஒரு தடுமாற்றம் இல்லை, முகத்தில் ஒரு சலனம் இல்லை. அந்தத் தியேட்டரில் பார்த்த எதையும்விட அந்தச் சரளம்தான் இன்றைக்கும் என்னை உலுக்குகிறது. டியூஷன் என்று தினமும் என்னிடம் சொன்னதும் இதே குரலில்தான்.

"அப்படியா?" என்று கணவர் என்னைப் பார்த்தார்.

"ஆமாங்க," என்றேன்.