கம்ப்ரசர் காற்றில் எண்ணெய்

கடைவாய்ப் பல்லில் நான் வைத்த ஃபில்லிங் மூன்றாவது முறையாகக் கழன்றுவிட்டது என்று அஞ்சலை வந்து நின்றார். விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைக்கு வண்ணம் தீட்டுகிற வேலை அவருக்கு. கழன்ற துண்டைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்திருந்தார். மறுபடி ஒட்டுவதென்றால் ஒவ்வொரு முறையும் பல்லைக் கொஞ்சம் குடைய வேண்டும். இன்னும் குடைந்தால் நரம்பு தப்பாது.

கிளினிக் முதலாளியான பெரிய டாக்டர் எட்டிப் பார்த்தார். "பாக்கு போடுறியாம்மா?"

"அந்தப் பழக்கமே கெடையாதுங்க."

"எல்லாரும் இப்படித்தான் சொல்லுவாங்க," என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தச் சமயத்தில் இன்னும் பலருக்கும் கழன்றுகொண்டுதான் இருந்தது. ஊரே பாக்கு போடுகிறதா என்ன?

ஃபில்லிங் வைக்கும் முன் பல்லில் ஆசிட் ஜெல் தடவிக் கழுவி, காற்றடித்து, பாண்ட் என்கிற பசையைத் தடவி, அது இறுக லைட் காட்டுவோம். நான் எதையும் விடவில்லை. பாண்ட் பாட்டிலையும் மாற்றிப் பார்த்தாயிற்று. மிச்சம் காற்றுதான். அதை வாய்க்கண்ணாடியில் அடித்துப் பார்த்தேன். வழவழவென்று ஒரு படலம். விரலில் தேய்த்தால் எண்ணெய்.

பின்பக்கம் போய், அந்தக் காற்றை அழுத்தி அனுப்புகிற கம்ப்ரசரைப் பார்த்தேன். பழையது கெட்டுப்போனதும், மூடிப்போன ஒரு பீங்கான் யூனிட்டிலிருந்து பெரிய டாக்டர் மலிவாக வாங்கிப் போட்டது. பொம்மைகளுக்குப் பளபளப்புப் பூச்சு அடித்துக்கொண்டிருந்த மெஷின், எண்ணெய் ஊற்றி ஓட்டுவது. பல் கிளினிக்குக்கு எண்ணெயில்லாத கம்ப்ரசர்தான் வேண்டும். எண்ணெய் படிந்த பல்லில் பாண்ட் உள்ளே இறங்காது. ஒட்டியது போல இருந்துவிட்டுக் கழன்றுவிடும். இது தெரியாதவரா அவர்?

"ஒரு ஃபில்டர் போட்டுக்கலாம், வுடும்மா. எல்லாம் காத்துதானே," என்றார், நான் போய்ச் சொன்னதும்.

"மாத்துற வரைக்கும் நான் ஃபில்லிங் வைக்க மாட்டேன் சார். நீங்களே வெச்சுக்குங்க."

முணுமுணுத்துக்கொண்டே மாற்றினார். ஆனால் அஞ்சலைக்குக் குடைந்தபோது நரம்பு தெரிந்துவிட்டது. இனி ரூட் கெனால்தான். பெரிய டாக்டர் பக்கத்தில் இருக்கும்போதே அஞ்சலையிடம் சொன்னேன். "தப்பு உங்க மேல இல்லீங்க. எங்க மெஷின் காத்துல எண்ணெய் வந்துருக்குது."

"பேஷண்ட் கிட்ட இதையெல்லாமா சொல்லுவாங்க?" என்று அவர் என்னை முறைத்தார்.

ஃபில்லிங் கழன்று வருகிறவரிடம் என்ன தின்றாய் என்று கேட்கும் முன் உங்கள் காற்றைச் சோதித்துப் பாருங்கள், இளம் டாக்டர்களே. அன்று அஞ்சலை பெரிய டாக்டரிடம் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

"டாக்டரம்மா வெச்சது கழண்டுடக் கூடாதுன்னு, அந்தப் பக்கம் ஒரு வாய் சோறு கூட நான் மெல்லல சார்."