வரையாட்டுக்கு ஒரு மார்க் குறைவு

மூணாறில் ஐந்தாம் வகுப்பு படித்தபோது, உலகில் அருகிவரும் இரண்டு விலங்குகளை ஒப்பிட்டுக் கட்டுரை எழுதச் சொன்னார் டீச்சர். நான் சீனத்துப் பாண்டாவையும் எங்கள் மலை வரையாட்டையும் எடுத்துக்கொண்டேன். நோட்டின் நடுவே கோடு கிழித்து, ஆளுக்கொரு பக்கம் ஒதுக்கி, மார்க்கும் நானே போட்டேன்.

இரண்டுக்கும் இருக்க இடம் குறைந்துவிட்டது. அதற்கு மூங்கில் காடு, இதற்குப் புல்மேடும் பாறையும். அதுவரை சமம். குட்டி விஷயத்தில்தான் வரையாடு என்னிடம் வசமாக மாட்டியது. குட்டி போட்ட பாண்டா நாள்கணக்கில் தின்னாமல் குடிக்காமல் அதை அணைத்தபடியே கிடக்குமாம். வரையாடோ குட்டி எழுந்து நடந்ததும் மேயக் கிளம்பிவிடுகிறது. ஒரு மார்க் குறைத்தேன். ‘ஆகவே பாண்டாவே நல்ல தாய்’ என்று முடித்து அடிக்கோடும் போட்டேன். ஜீப் ரோட்டோரம் அடிக்கடி பார்த்ததாலோ என்னவோ, வரையாட்டின் மேல் எனக்கு அவ்வளவு மரியாதை இல்லை.

அப்போது தங்கைக்கு மூன்று மாதம். அம்மா மறுபடி தேயிலைக் கொழுந்து எடுக்கப் போய் ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. எஸ்டேட் பிள்ளைக் காப்பகத்தில் விட்ட பாப்பா புட்டிப்பாலைத் தொடவே மாட்டாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அம்மா மலையிறங்கி ஓடி வந்தால்தான் அவளுக்குப் பால். பாப்பா இளைத்துக்கொண்டே வந்தாள். அந்தச் சனிக்கிழமை, கட்டுரையைப் படித்துக் காட்ட நானும் அங்கே போய்க் காத்திருந்தேன்.

கொழுந்து நிறுக்கத் தாமதமாகி, அம்மா வந்தபோது பாதி நேரம் போய்விட்டது. பாப்பா அழுது களைத்துத் தூங்கியிருந்தாள். செடி கிழிக்காமலிருக்க இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் உட்கார்ந்து அம்மா அவளை எழுப்பினாள், கன்னத்தைத் தட்டினாள். பாப்பா நாலு வாய் குடித்துவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள். நான் பாட்டுக்குப் படித்துக்கொண்டே இருந்தேன். நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

கடைசி வரி வந்ததும் அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

“அது மேயப் போகலன்னா பாலு எப்படிட்டி ஊறும்?”

அந்தக் கேள்வியெல்லாம் பாடத்தில் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

சங்கு ஊதியது. அம்மா பாப்பாவை ஆயாவிடம் கொடுத்தாள். ரவிக்கையின் முன்பக்கம் நனைந்திருந்தது. அதைப் படங்கால் மூடிக்கொண்டு, திரும்பியே பார்க்காமல் மேட்டில் ஏறினாள்.

கட்டுரை நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லாமல் போகிறாளே என்று எனக்கு ஒரே கோபம்.