சிகின் என்ற பேருக்கு அர்த்தம்

என் காய்க்கடையில் வெண்டைக்காய் நிறுத்துக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. தையல் மெஷின் மேலேயே சாய்ந்தவள் எழுந்திருக்கவில்லையாம். சிகின் போய்விட்டாள்.

வடக்கனந்தலில் அவளிடம் ரவிக்கை தைக்காத பெண்கள் குறைவு. கல்வராயன் மலையில் அவள் பிறந்தபோது பிரசவம் பார்த்த வெளிநாட்டு நர்சம்மா வைத்த பேர் அது. நான் ‘சிக்கன்’ என்றுதான் கூப்பிடுவேன். “ஞாயித்துக்கெழம மட்டும் அப்டி கூப்புடாதக்கா, சட்டிய எடுத்துக்கினு வந்துடப் போறாங்க” என்பாள்.

அவள் கணவர் ஏழுமலை பலா மரத்திலிருந்து விழுந்தவர். இடுப்புக்குக் கீழே அசைவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் உடம்பு புண்ணாகிவிடும். அதனால் ஒன்பது வருஷத்தில் ஒரே ஒரு நாள் தவிர அவள் தெருமுனையைத் தாண்டவில்லை. வாசலில் நின்றால் மலை தெரியும். அங்கேதான் அவள் அம்மா இருந்தார். போகத்தான் முடியாது.

ஒருநாள் அவள் வீட்டில் உட்கார்ந்து என் மகள் போனில் அந்தப் பேரைத் தேடினாள். ‘வெற்றியின் தோழி’ என்று அர்த்தமாம். “கொக்கி வெக்க ஒரு வாரம் ஆக்குறவளுக்கு வெற்றியா!” என்று சிரித்தேன். மகள் மேலே படித்தாள். பனி விழும் நாட்டின் பழைய சாமிக் கதை. சிகினின் புருஷனைப் பாறையில் கட்டிப் போட்டுவிட்டார்கள். மேலேயிருந்து பாம்பின் விஷம் சொட்டுகிறது. இவள் பக்கத்திலேயே நின்று கிண்ணத்தில் பிடிக்கிறாள். நிறைந்ததைக் கொட்டப் போகும்போது மட்டும் விஷம் அவன் முகத்தில் விழும். அவன் துடிக்கிற துடிப்பில் பூமி அதிரும்.

சிகின் மெஷினை நிறுத்தினாள். “கொட்டிட்டு வர்ற வரிக்கும் கிண்ணத்த புடிக்க வேற ஆளே இல்லியா?”

“இல்லியாம்டி.”

“இன்னா கதைக்கா இது? புருஷனத்தான் கட்டிப் போட்டாங்கன்னு எழுதி வெச்சிருக்காங்க.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. “நாளைக்கு நான் இருக்கேன். போய் ஒங்கம்மாவப் பாத்துட்டு வா” என்றேன்.

காலை முதல் பஸ்ஸில் அம்மா ஊரான வெள்ளிமலைக்குப் போனாள். மதியம்வரை நேரம் தவறாமல் ஏழுமலையைப் புரட்டினேன். அப்புறம் ஊர்க்கதை பேச ஆரம்பித்தேன். அவர் சிரித்தார், நான் இன்னும் பேசினேன். சாயங்காலம்தான் கடிகாரத்தைப் பார்த்தேன். அவள் வந்து போர்வையை விலக்கினாள். இடுப்பெலும்பு மேல் தோல் கன்றிச் சிவந்திருந்தது. அது புண்ணாகி ஆற நாலு மாசம் ஆனது.

என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “உடுக்கா, அவரு சிரிச்சி எத்தினி நாளாச்சு” என்றாள். அதற்குப் பிறகு எத்தனை முறை கெஞ்சினேன்! “அந்த ஒரு நாளு போதும்க்கா” என்று சொல்லிச் சொல்லியே கடைசிவரை போகவில்லை.

இப்போது நானும் மகளும்தான் மாறி மாறி அவரைப் புரட்டுகிறோம். அவளிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது அந்த இரண்டு மணி நேரக் கணக்கு. வியாபாரத்தின் நடுவிலும் கால் தானாக எழுந்துகொள்கிறது. அவள் கடைசிவரை யாரையும் கேட்கவில்லை. அவளிடம் ரவிக்கை தைத்துக்கொண்ட உங்களை நான் கேட்கிறேன். வாரத்துக்கு ஆளுக்கு ஒரு வேளை வாருங்கள். எப்படிப் புரட்டுவது என்று நான் காட்டித் தருகிறேன். அவரைச் சிரிக்க வையுங்கள், தப்பில்லை. ஆனால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சிரிக்க வையுங்கள்.