கரை ஆடிய காலை

கட்டன் காப்பித் தம்ளரை வாங்க அண்ணன் கை நீட்டியபோது, அவர் விரல்கள் அதற்கு ஒரு சாண் தள்ளி வெறும் காற்றைப் பிடித்தன. தம்ளரை நீட்டிக்கொண்டு நின்றவன் நான். "எது லே மக்கா, ரெண்டு தம்ளர் தெரியுது" என்றார். வாசலில் நின்ற எல்லோரும் சிரித்தோம். என் சிரிப்புதான் உரக்கக் கேட்டது.

எங்கள் கடற்கரையில் இதற்குச் சிரிக்கத்தான் செய்வார்கள். பத்துப் பதினைந்து நாள் ஆழ்கடலில் கிடந்துவிட்டு இறங்கினால் தரை காலுக்கடியில் அசையும். சுவரைப் பிடித்துக்கொண்டு குளிப்பவர்கள் உண்டு. 'கரை ஆடுது' என்போம். கஞ்சி குடித்து ஓர் உறக்கம் போட்டால் நின்றுவிடும். அதற்குப் போய் ஆஸ்பத்திரி ஏறினான் என்று ஒருவன் பெயரெடுத்தால், ஆயுசுக்கும் படகில் அவனைக் கிண்டல் செய்தே கொன்றுவிடுவோம். இருபது வருடம் அண்ணன் ஓட்டிய விசைப்படகில்தான் நானும் போனேன். எத்தனையோ முறை எங்களுக்குக் கரை ஆடியிருக்கிறது. அன்றும் விடியற்காலையில்தான் கடலிலிருந்து இறங்கியிருந்தோம்.

ஆனால் அன்று அவர் வாந்தியும் எடுத்தார். கடலில் ஒருநாளும் வாந்தி எடுக்காத மனிதர். நாக்கு வேறு குழறியது. அண்ணன் மனைவி பயந்துபோய், "தம்பி, பேச்சே ஒரு மாதிரி இருக்கே, ஒரு ஆட்டோ பிடிச்சு நாகர்கோவிலுக்குக் கொண்டுபோவமா?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல மைனி, கடலு இன்னும் தலைக்குள்ள கெடக்கு. ஒறங்கினா சரியாவும்" என்றேன். படகேறாதவருக்கு என்ன தெரியும் என்ற தெனாவெட்டு எனக்கு. மைனி தன் கண்ணை நம்பாமல் என் பேச்சை நம்பிப் பாயை விரித்தார்.

மத்தியானம் எழுப்பப் போனபோது அண்ணன் கண்ணைத் திறந்தார். வேறெதுவும் அசையவில்லை. மூளையின் பின்பக்கத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் கொழுப்பு படிந்து சுருங்கியிருந்ததாம். அன்று அது முழுதாக அடைத்துக்கொண்டதாம். தலைசுற்றலும், இரண்டிரண்டாய்த் தெரிந்ததும், வாந்தியும் அதன் அடையாளங்கள் என்றார் நாகர்கோவில் ஆஸ்பத்திரி டாக்டர். "காலையிலேயே ஏன் கொண்டுவரல?" என்று கேட்டார். மைனி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்துத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மூன்று வருடமாகிறது. அவருக்கு எல்லாம் கேட்கிறது, எல்லாம் புரிகிறது. கண்ணை மேலே உயர்த்தினால் ஆமாம், கீழே தாழ்த்தினால் இல்லை. அவ்வளவுதான் மிச்சம். இனித் தேறாது என்று சொல்லிவிட்டார்கள். மைனி இன்னும் ஜெபமாலை சொல்கிறார். நான் அருகில் முழங்காலிடுகிறேன், கடவுளிடம் எதையும் கேட்பதில்லை. கடலுக்குப் போவதையும் விட்டுவிட்டேன்.

நேற்று மைனி கோயிலுக்குப் போயிருந்தார். அதே தம்ளரில் கஞ்சித்தண்ணீரை ஆற்றி, வயிற்றுக் குழாயில் கொஞ்சங்கொஞ்சமாக ஊற்றினேன். இத்தனை நாள் கேட்கப் பயந்ததை அப்போது கேட்டேன்.

"அண்ணே, எம்மேல கோவமா?"

கண் மேலே போகவில்லை. கீழேயும் தாழவில்லை. தம்ளர் காலியாகும்வரை அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.