கொடியில் உடுப்பில்லாத நாள்

வீட்டைச் சுற்றிக் காட்டிக்கொண்டே வீட்டுக்கார அம்மா சொன்னார், "முன்பு இருந்தவர்கள் கத்தோலிக்கர். இனி வேண்டாம்." பிறகு, "நீங்கள் யானை முகச் சாமியைக் கும்பிடுகிறவர்கள்தானே?" என்று கேட்டார். என் கணவர் சைவர், அதனால் அவர் ஆமென்றது பொய்யில்லை. வீட்டுக்கார அம்மா என்னைப் பார்த்தார். நானும் தலையாட்டினேன். சிலுவை சட்டைக்குள் கிடந்தது. எட்டு மாத வயிறோடு ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகர் முழுக்க அலைந்து, கடைசியில் இந்தப் புரட்டஸ்தாந்துக் கிராமத்தில்தான் ஒரு வீடு அகப்பட்டிருந்தது.

குடிவந்த பின் கதை கதையாகச் சொன்னார். ஓடைக்கு அப்பால் கத்தோலிக்கக் கிராமம். அங்கே நற்கருணை ஊர்வலம் போகும் நாளில் இவருடைய அப்பா வேண்டுமென்றே வயலுக்கு எரு போடுவாராம். அவர்கள் இவர்களுடைய மிகப் புனிதமான நாளான பெரிய வெள்ளியில் உடுப்புத் தோய்த்துக் காயப்போட்டுப் பழிவாங்குவார்களாம். "ஊர்வல நாளில் நான் இன்றைக்கும் உடுப்புத் தோய்ப்பேன்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் என்மீதே எரிச்சல் வருகிறது.

அதன்பிறகு எனக்கு நிம்மதியில்லை. ஓடைக்கு அப்பால் ஞாயிறு பூசைக்குப் போகையில் காலாற நடக்கப் போவதாக அவரிடம் சொன்னேன். பெரிய வெள்ளியன்று கைப்பிள்ளை படுக்கையெல்லாம் சத்தி எடுத்தது. விரிப்புகளைப் பையில் கட்டி நிலவறையில் ஒளித்தேன்.

"உமக்கென்ன விசரே? எங்களைச் சைவமெண்டுதானே அவ நினைக்கிறா. தோய்ச்சுக் காயப்போடுமன்" என்றார் கணவர்.

"இண்டைக்கு ஏலாது" என்றேன்.

ஜூனில் பிள்ளையின் ஞானஸ்நானம் பற்றிக் கத்தோலிக்கப் பங்குக் கோவிலிலிருந்து கடிதம் வந்தது. உறையிலேயே கோவிலின் பெயர். வீட்டுக்கார அம்மாதான் அதைக் கொண்டுவந்து தந்தார், தந்ததும் படியிறங்கிவிட்டார். இனி வேறு வீடு தேட வேண்டியதுதான்.

அடுத்த வாரம் ஊர்வல நாள். விடிந்ததும் திரைச்சீலையை விலக்கிப் பார்த்தேன். முற்றத்து உடுப்புக் கொடி வெறுமையாக இருந்தது. பிள்ளையோடு இறங்கினால், வாசற்படியில் வீட்டுக்கார அம்மா. பக்கத்தில் ஈர உடுப்புக் கூடை.

"பெரிய வெள்ளியன்று அழுக்கு விரிப்புகளை நிலவறையில் கண்டேன். ஏன் தோய்க்காமல் வைத்தீர்கள் என்பது கடிதம் வந்த பிறகுதான் விளங்கியது. ஏன் பொய் சொன்னீர்கள்?"

"உண்மையைச் சொல்லியிருந்தால் வீடு தந்திருப்பீர்களா?"

அவர் கூடையைப் பார்த்தார். "தந்திருக்க மாட்டேன்" என்றார். பிறகு, "போங்கள், ஊர்வலம் தொடங்கிவிடும்."

ஊர்வலம் முழுக்க என் மனம் செபத்தில் நிற்கவில்லை. அவர் இப்போது காயப்போட்டிருப்பாரோ என்றே அடித்துக்கொண்டது. மத்தியானம் திரும்பி வந்தபோது கூடை அதே படியில் இருந்தது, உடுப்புகள் இன்னும் ஈரமாகவே.